பட்சி சொன்னா எப்பக் கேக்கணும், எப்ப நோட்டை எடுத்துக் கணக்குப் போடணும்

போன தீபாவளி சீசனுக்கு 120 கிலோ வெல்லம் எடுக்க வேண்டியிருந்துச்சு, வழக்கமா எடுக்குற எடத்த விட கிலோவுக்கு 9 ரூபா கம்மின்னு ஒரு யாவாரி வீட்டு வாசல்லயே வண்டிய நிறுத்திட்டாரு. கணக்குப் போட்டா 1080 ரூபா மிச்சம், ஏத்துக்கூலி இறக்குக்கூலி இல்ல, பணமும் பத்து நாள் கழிச்சுக் குடுத்தாப் போதும்னாரு. ஒரு உருண்டைய எடுத்து ஒடச்சேன். நல்ல மஞ்சளா, பாக்க லட்சணமாத்தான் இருந்துச்சு. ஆனா ஒடஞ்ச விதம் கைக்குப் பிடிக்கல. வேற எப்படிச் சொல்றதுன்னு தெரியல, கைக்குப் பிடிக்கல, அம்புட்டுத்தான். "ஏன் வேணாங்கிற, காரணத்தச் சொல்லு"ன்னு வீட்டுக்காரர் கேட்டாரு, எங்கிட்ட காரணம் இல்ல, காரணம் இல்லாம 1080 ரூபாய வேணாம்னு சொல்ல வாய் வரல, வாங்கிட்டேன். பாகு காச்சும்போதே தெரிஞ்சு போச்சு, சீனி கலந்த வெல்லம். மொத ஈட்டு அதிரசம் ஆறுனதும் செங்கல்லாட்டம் ஆயிடுச்சு. மாவு, நெய், எண்ணெய், ரெண்டு பொண்ணுகளோட ஒரு நாள் கூலி, எல்லாம் போக அந்த 1080 ரூபாய்க்கு நான் கட்டுன விலைய இங்க எழுதுனா வீட்டுக்காரர் படிச்சிட்டு மறுபடி ஆரம்பிப்பாரு, விடுங்க.

காரைக்குடிப் பக்கம் பலகாரம் போட்டு விக்கிறேன், 17 வருசமாச்சு. கந்தரப்பம், அதிரசம், சீப்புச்சீடை, மனகோலம், தேன்குழல். இந்த வெல்லக் கதைய யாருட்ட சொன்னாலும் "எனக்கும் இப்படித்தான் ஆச்சு, பட்சி சொல்லுச்சு, நாந்தான் கேக்கல"ன்னு ஒரு கதை சொல்றாங்க. ஆனா பட்சி சொன்னதக் கேட்டு ஏமாந்த கதைய யாரும் சொல்றதில்ல, அது எங்கிட்டயே ரெண்டு இருக்கு, அதையும் சொல்றேன். எப்ப அந்தப் பட்சிய நம்பலாம், எப்ப கூண்டுல வச்சு மூடணும்னு நான் பழகிக்கிட்ட வழியத்தான் எழுதுறேன்.

மொதல்ல பட்சின்னா என்னன்னு ஒரு தெளிவு வேணும், இல்லாட்டி எல்லாத்தையும் பட்சின்னு சொல்லிக்குவோம். எங்க அப்பத்தா பாகு காச்சும்போது சட்டியவே பாக்காது. திண்ணைப் பக்கம் திரும்பி யாருட்டயாவது பேசிக்கிட்டே இருக்கும், திடீர்னு "ஏத்தா, இறக்கு"ன்னு சத்தம் குடுக்கும். தண்ணியில ஒரு சொட்டு விட்டுப் பாத்தா உருட்ட வரும், சரியா அதிரசப் பதம். எப்படித் தெரியும்னு கேட்டா "கொதிக்கிற சத்தம் கனத்துப் போச்சுல்ல"ன்னு ஒரு நாள் சொன்னுச்சு, அதுவும் நான் பத்துத் தடவ நச்சரிச்ச பெறகு யோசிச்சுச் சொன்னது. அதுவரைக்கும் அதுக்கே தெரியாது காதுதான் சொல்லுதுன்னு. ஆயிரம் சட்டி பாகு காதுக்குள்ள இருக்கு, அந்த ஆயிரம் சேந்து ஒரே வார்த்தையில "இறக்கு"ங்குது. இதத்தான் நம்ம பதம்ங்கிறோம். பட்சியும் அதேதான், பழக்கம் வாய் தொறக்காமப் பேசுறது.

இதையே கேரி க்ளைன்னு ஒரு அமெரிக்க உளவியல்காரர் 1980கள்ல தீயணைப்புக்காரங்க கூட உக்காந்து கேட்டுக் கேட்டு எழுதியிருக்காரு. ஒரு தீயணைப்பு அதிகாரி, அடுப்படியில தீன்னு உள்ள போறாரு, தண்ணி அடிக்கிறாங்க, தீ அடங்க மாட்டேங்குது, என்னமோ சரியில்லன்னு தோணி எல்லாரையும் வெளிய இழுத்துட்டு வந்துடறாரு, வந்த கொஞ்ச நேரத்துல அவங்க நின்ன தரையே இடிஞ்சு விழுகுது. தீ கீழ நிலவறையில இருந்திருக்கு. அவரு தனக்கு ஏதோ சக்தி இருக்குன்னே நம்பிக்கிட்டு இருந்திருக்காரு. க்ளைன் நோண்டிக் கேட்டப்பத்தான், அந்தச் சின்னத் தீக்கு அந்த ரூம் ரொம்பச் சூடா இருந்துச்சு, ஆனா சத்தம் ரொம்பக் கம்மியா இருந்துச்சுன்னு வெளிய வருது. அப்பத்தாவுக்குச் சத்தம் கனத்துச்சு, அவருக்குச் சத்தம் காணல.

அமெரிக்காவுல அயோவாவுல அந்தோனியோ டமாசியோன்னு ஒரு மூளை ஆராய்ச்சிக்காரரோட குழு பண்ணுன ஒரு சோதனையும் எனக்குப் பிடிக்கும், 1997ல வந்தது. நாலு சீட்டுக்கட்டு. ரெண்டு கட்டுல நெறையப் பணம் வர்ற மாதிரி இருக்கும், ஆனா கடைசியில முழுகடிக்கும், மத்த ரெண்டும் கொஞ்சமாக் குடுக்கும், ஆனா நட்டப்படுத்தாது. ஆடுறவங்க பத்தாவது சீட்டு வாக்குல கெட்ட கட்டுப் பக்கம் கைய நீட்டும்போதே தோல்ல வேர்வை மாறுது. அம்பதாவது சீட்டு வாக்குலதான் "இந்தக் கட்டு புடிக்கல"ங்கிறாங்க. ஏன்னு வெளக்கிச் சொல்ல எம்பது வாக்குல ஆகுது. (அப்பவே மனசுக்குக் கொஞ்சம் தெரிஞ்சுதான் இருந்துச்சுன்னு பின்னால வாதாடுனவங்களும் உண்டு.) எனக்கு இதுல இருந்து கெடச்சது ஒண்ணுதான், வெல்லம் ஒடச்ச அன்னைக்கு நான் பத்தாவது சீட்டுல இருந்திருக்கேன், வீட்டுக்காரர் எம்பதாவது சீட்டுக் கேள்விய எங்கிட்ட கேட்டிருக்காரு.

சரி, செய்ய வேண்டியதுக்கு வருவோம்.

உங்க பட்சிக்கு எதுல பேச உரிமை இருக்குன்னு மொதல்ல பிரிச்சு வைங்க. இதுதான் முக்கால்வாசி வேலை, மத்தது எல்லாம் சில்லறை. க்ளைனும், பொருளாதாரத்துக்கு நோபல் வாங்குன டேனியல் கானமனும் இந்த விசயத்துல எதிரெதிர்க் கட்சி, ஒருத்தரு உள்ளுணர்வ நம்புறவரு, இன்னொருத்தரு சந்தேகப்படுறவரு, ரெண்டு பேரும் சேந்து உக்காந்து 2009ல ஒரு கட்டுரை எழுதுனாங்க, ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டது ரெண்டு நிபந்தனை. ஒண்ணு, அந்த விசயம் தினம் ஒரே மாதிரி நடந்துக்கணும். ரெண்டாவது, நீங்க செஞ்சதுக்குப் பலன் நல்லதா கெட்டதான்னு உங்களுக்குத் திரும்பத் திரும்பத் தெரிஞ்சிருக்கணும். பாகு அப்படி, அஞ்சு நிமிசத்துல மூஞ்சியில அடிச்ச மாதிரி சொல்லிரும். ஆத்தங்குடியில தரைக்கல்லு போடுறவங்களப் பாத்திருக்கீங்களா, கண்ணாடி மேல அச்ச வச்சு கலரு சிமெண்ட ஊத்தி, பின்னால மணலு சிமெண்ட் போட்டு, அப்புறம் தண்ணித் தொட்டியில ஊறப்போட்டு எடுப்பாங்க, சூளையே கெடையாது. கலவை சரியில்லாட்டி கல்லே காட்டிக் குடுத்துரும். அப்படி வருசக்கணக்காப் போட்டவர் கலவையக் கையில அள்ளிப் பாத்து "இன்னைக்கு வேணாம்"னா வேணாம், நீங்க என்ன படிச்சிருந்தாலும் பேசாம டீ குடிச்சிட்டு வந்துருங்க.

இப்ப என்னோட கதை. ஆறு வருசத்துக்கு முந்தி மாசாமாசம் பணம் கட்டுற ஒரு சீட்டுல சேந்தேன், பேரு வேணாம். நடத்துனவரு வீட்டுக்கு வந்தாரு, நெத்தி நெறைய திருநீறு, எங்க அப்பத்தா பேரச் சொல்லி விசாரிச்சாரு, அதிரசத்தத் தின்னுட்டுக் கண்ண மூடி ருசிச்சாரு. எம் பட்சி "தங்கமான மனுசன்"னு சொல்லுச்சு. பதிவு பண்ணுன சீட்டான்னு கூடக் கேக்கல. பதினோரு மாசம் கட்டுனேன், பன்னண்டாவது மாசம் ஆளக் காணோம். பின்னால யோசிச்சுப் பாத்தா, எம் பட்சிக்குச் சீட்டுக்காரங்களப் பத்தி என்ன தெரியும்? வாழ்க்கையில நான் பாத்த சீட்டுக்காரர் மூணே பேரு. அதிரசத்த ருசிச்சுத் திங்கிறவங்களப் பத்தித்தான் அதுக்குத் தெரியும். தெரிஞ்ச விசயத்துல தீர்ப்பச் சொல்லிட்டு, தெரியாத விசயத்துலயும் அதே தீர்ப்ப ஒட்டிருச்சு. ஏமாத்துறவனுக்கு இது நல்லாத் தெரியும், அதான் அவன் கணக்க விட்டுட்டுப் பலகாரத்தப் பத்திப் பேசுறான்.

அதனால எங்க வீட்டுல இப்ப ஒரு கோடு. வெல்லம், அரிசி, மாவு, எண்ணெய்ச் சூடு, போன்ல ஆர்டர் குடுக்குறவங்க பணம் குடுப்பாங்களா இழுப்பாங்களா, பிள்ளை பள்ளிக்கூடத்துல இருந்து வந்த மொகம், இதுலெல்லாம் பட்சி பேசலாம், காரணம் கேக்க மாட்டோம். எடம் வாங்குறது, சீட்டு, பங்கு, கடன் பத்திரத்துல கையெழுத்து, இதுலெல்லாம் பட்சி வாயத் தொறக்கக் கூடாது. எடத்துக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாரு, மூலப் பத்திரத்தப் பாரு, பட்டா யாரு பேர்ல இருக்குன்னு பாரு, எடத்துல நின்னதும் மனசு குளுந்துச்சுங்கிறதெல்லாம் அப்புறம். நெஞ்சு வலின்னா எந்தக் குரலையும் கேக்காம ஆஸ்பத்திரிக்குப் போயிரணும், "வாயுவாத்தான் இருக்கும்னு தோணுது"ன்னு சொல்றது பட்சி இல்ல, சோம்பேறித்தனம்.

அடுத்தது, பேசுறது பட்சிதானா இல்ல வேற எவனுமான்னு பாக்கணும். வயித்துல புளியக் கரைச்சா அது பயம். பயத்துக்கு வாய் ஓயாது, இப்படி ஆயிட்டா, அவுக என்ன நெனப்பாக, போன தடவ என்னாச்சுன்னு கதை கதையா ஓட்டும். ஆசையும் அப்படித்தான், வக்கீல் மாதிரி பாயிண்ட் எடுத்துக் குடுக்கும், அதுவும் நகைக்கடையில நிக்கும்போது கேக்கவே வேணாம். என் அனுபவத்துல பட்சி ஒரு தடவ சொல்லிட்டுப் பேசாம உக்காந்துக்கும். திருப்பிக் கேட்டா அதே வார்த்தைய அதே சத்தத்துல சொல்லும். அதனால நான் செய்யறது, தோணுனதும் முடிவெடுக்காம சாப்பிட்டுட்டு, ஒரு தூக்கம் போட்டுட்டு, காலையில காப்பி குடிக்கும்போது மறுபடி கேக்குறது. பயமா இருந்தா பாதி கொறஞ்சிருக்கும், ஆசையா இருந்தா வேற எதுக்காவது தாவியிருக்கும்.

இதுல இன்னொண்ணு இருக்கு, சொல்லக் கூச்சமா இருந்தாலும் சொல்லணும். வேலைக்கு ஆளு எடுக்கும்போது "இந்தப் பொண்ணு சரியா வராது"ன்னு பட்சி சொன்னதா நெனச்சு ஒருத்திய வேணாம்னுட்டேன். அப்புறம் யோசிச்சா, அவ ஊரு எது, என்ன ஆளுங்க, எப்படித் துணி கட்டியிருந்தா, இதத் தவிர அவளப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அது நான் பாத்துக் கத்துக்கிட்டது கெடையாது, சின்ன வயசுல இருந்து நாலு பேரு காதுல ஓதுனது. அதுவும் உள்ளுக்குள்ள இருந்துதான் பேசும், அதுவும் ஒத்த வார்த்தையிலதான் பேசும், பட்சி மாதிரியே இருக்கும். கண்டுபிடிக்க ஒரே வழி, "இத நானா எத்தன தடவ பாத்தேன்"னு கேக்குறது. ஒரு தடவ கூட இல்லைன்னா வாயப் பொத்து. அடுத்த வாரம் அந்தப் பொண்ணையே கூப்பிட்டு அரை நாள் சீப்புச்சீடை சுத்தச் சொன்னேன். விரலு என்ன வேகம்! இப்ப நாலு வருசமா அவதான் எங்க அடுப்புக்கே பொறுப்பு.

ஆளு எடுக்குறதுல கானமன் செஞ்சது ஒண்ண நான் காப்பியடிக்கிறேன். 1950கள்ல இஸ்ரேல் ராணுவத்துல பசங்களத் தேர்ந்தெடுக்க அவருட்ட சொன்னாங்க. அதுவரைக்கும் பேசிப் பாத்துட்டு மனசுக்குப் பட்டத எழுதுவாங்க, அது ஒண்ணுக்கும் ஒதவல. அவரு ஆறு குணத்தப் பிரிச்சு, ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா கேள்வி கேட்டு மார்க்கு போடச் சொன்னாரு. கேள்வி கேக்குறவங்களுக்குக் கோவம், எங்களை மிசினாக்குறேன்னு. சரி, ஆறு மார்க்கும் போட்டு முடிச்சிட்டு, கண்ண மூடி இந்தப் பையன் எப்படி இருப்பான்னு நெனச்சு உங்க இஷ்டத்துக்கு ஒரு மார்க்கு போடுங்கன்னாரு. அந்தக் கண்ண மூடிப் போட்ட மார்க்கும் ஆறு மார்க்கு அளவுக்கே நல்லா வேலை செஞ்சுச்சாம். அதாவது உள்ளுணர்வுக்குத் தீனி போட்டுட்டு அப்புறம் கேட்டா நல்லாச் சொல்லுது, பட்டினியாக் கெடக்கும்போது கேட்டா ஒளறுது. பொண்ணு மாப்பிள்ளை பாக்குறவங்க இத ஒரு தடவ முயற்சி பண்ணலாம். நாங்க எங்க அண்ணன் மகளுக்குப் பண்ணுனோம், ஆறு விசயத்த எழுதி வீட்டுல ஆளாளுக்குத் தனியா மார்க்கு போட்டு, கடைசியில கண்ண மூடுனோம். அண்ணன் மட்டும் மூடல, தூங்கிட்டாரு.

இனிமே ஒரு பழைய வழி. ரெண்டுல எதுன்னு தெரியாம மாசக்கணக்கா இழுத்துக்கிட்டு இருந்தா, பூப் போட்டுப் பாக்குறதுன்னு நம்ம வீடுகள்ல செய்வாங்கல்ல, செவப்புப் பூ ஒரு பொட்டணம், வெள்ளப் பூ ஒரு பொட்டணம், சாமி வெளக்கு முன்னால போட்டு ஒரு சின்னப் பிள்ளைய எடுக்கச் சொல்றது. செக்காலைப் பக்கம் ஒரு கடை வாடகைக்கு வந்தப்ப நான் அப்படிச் செஞ்சேன், செவப்புன்னா கடை, வெள்ளன்னா வீட்டுலயே போடுறது. கொழுந்தனார் மகன் கைய நீட்டுறான், எந்தப் பொட்டணம்னு முடிவு பண்ணாம விரலு ரெண்டுக்கும் நடுவுல ஆடுது, அந்த ஒரு நொடியில எனக்குள்ள "வெள்ளையா இருக்கணும் தாயே"ன்னு ஒரு கெஞ்சல். அம்புட்டுத்தான், பதில் கெடச்சிருச்சு. பையன் எடுத்தது செவப்பு. நான் கடை எடுக்கல. அத்தை இன்னும் கொறை சொல்லுது, சாமி குடுத்த உத்தரவ மீறிட்டேன்னு. சாமி எனக்குச் சொன்னது பொட்டணத்தப் பிரிக்குறதுக்கு முன்னாலயேன்னு நான் அவுகளுக்கு எப்படிப் புரிய வைக்கிறது. நீங்க செய்யறதா இருந்தா பொட்டணத்தப் பாக்காதீங்க, உங்களப் பாருங்க.

ருசி சம்பந்தமான விசயத்துல, அதாவது சேலை, வீட்டுக்குக் கலரு, செவத்துல மாட்டுற படம் இந்த மாதிரி தப்பானாலும் பெருசா ஒண்ணும் முழுகிப் போகாதுங்கிறதுல, காரணமே தேடாதீங்க. 1993ல டிமோத்தி வில்சன்னு ஒருத்தரு அமெரிக்காவுல மாணவர்களுக்குப் படங்களக் காட்டி ஒண்ண எடுத்துக்கிட்டுப் போகச் சொன்னாரு, பாதிப் பேரை மட்டும் ஏன் பிடிக்குது ஏன் பிடிக்கலன்னு மொதல்ல எழுத வச்சாரு. மூணு வாரம் கழிச்சுக் கேட்டா, காரணம் எழுதுனவங்களுக்குத்தான் எடுத்துட்டுப் போன படம் மேல திருப்தி கம்மி. வாயில சொல்ல வர்ற காரணம் ஒண்ணு, பிடிக்கிறதுக்கு உள்ள காரணம் வேற. எம் மக காரைக்குடிக் கண்டாங்கி எடுக்கப் போனா, 2019ல புவிசார் குறியீடு கெடச்ச பெறகு அவ காலேஜ் பிள்ளைகளுக்கெல்லாம் அது மேல ஆசை. அரக்குல மஞ்ச கரை போட்ட சேலையத் தொட்டதும் மொகம் மலந்துச்சு, அப்புறம் இது எல்லா பிளவுசுக்கும் சேராது, அழுக்குத் தெரியும், ஆபீசுக்கு ஓவர்னு காரணம் சொல்லிச் சொல்லி ஒரு சாம்பல் கலர எடுத்துக்கிட்டு வந்தா. பீரோவுல மடிப்புக் கலையாம இருக்கு. போன மாசம் போய் அரக்கையே வாங்கிட்டா.

அப்ப கணக்கு எதுக்குன்னு கேட்டா, நம்ம ஊரு லேவாதேவிக்காரங்களப் பாத்தாலே தெரியும். பர்மா, மலேயா, இலங்கைன்னு கடை வச்சவங்க வீட்டுப் பிள்ளைக பெட்டியடிப் பையனாத்தான் ஆரம்பிப்பாங்க. பணப்பெட்டி பக்கத்துல உக்காந்து கடன் கேட்டு வர்றவன் மொகத்த வருசக்கணக்காப் பாத்துக்கிட்டே இருப்பாங்க, அப்புறம் அடுத்தாள், அதுக்கப்புறம்தான் பெரிய பொறுப்பு. அது பட்சி வளக்குற பள்ளிக்கூடம். ஆனா அதே கடையில பேரேடும் ஐந்தொகையும் காசு பிசகாம எழுதுவாங்க, மொகத்தப் பாத்து குடுத்தேன்னு நோட்ட மூடி வைக்கல. அப்படி இருந்தும் 1930ல உலகம் பூரா மந்தம் வந்து நெல்லு விலை விழுந்தப்ப, கடன் வாங்குன நல்ல மனுசங்களால கூடத் திருப்பிக் குடுக்க முடியல, அடமானம் வச்ச நெலமெல்லாம் இவங்க கைக்கே வந்து சேந்துச்சு. கீழ் பர்மாவுல முக்கியமான 13 நெல்லு மாவட்டத்துல 1930ல 6 சதவீதம் நெலம் இவங்ககிட்ட இருந்துச்சு, 1937 வாக்குல 25 சதவீதம். கேட்டா பெரிய சொத்து மாதிரி இருக்கும், ஆனா வட்டிக்காரனுக்கு வேண்டியது பணம், வயல் இல்ல, 1942ல ஜப்பான்காரன் உள்ள வந்ததும் அதையும் விட்டுட்டு ஓடி வர வேண்டியதாப் போச்சு. மொகம் படிக்கிறதுல அவங்க ஒண்ணும் தப்புப் பண்ணல. மனுசன் மாறல, காலம் மாறிருச்சு, பட்சி பழைய காலத்துலயே உக்காந்துருந்துச்சு.

அதனால விலை, பருவம், சட்டம், ஊரு இதுல ஏதாவது புதுசா மாறியிருந்தா, எனக்கு 17 வருச அனுபவம்னு மார் தட்டாம மறுபடி கத்துக்குட்டியா நோட்ட எடுத்துருவேன். கேஸ் அடுப்புல இருந்து பெரிய டீசல் பர்னருக்கு மாத்துனப்ப மூணு வாரம் என் காது பொய் சொல்லுச்சு. எல்லாப் பாகையும் தண்ணியில விட்டுத்தான் பாத்தேன்.

கடைசியா, ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்குங்க. பட்சி சொன்னத நடக்குறதுக்கு முன்னாடியே எழுதணும், தேதி போட்டு, எம்புட்டு நிச்சயம்னு பத்துக்கு ஒரு மார்க்கும் போட்டு. பின்னால எழுதுனா நம்ம மனசு பித்தலாட்டம் பண்ணும், நடந்தது எல்லாம் முன்னாடியே தெரிஞ்ச மாதிரி. பலன் தெரிஞ்சதும் பக்கத்துல டிக்கோ பெருக்கலோ போடுங்க. என் நோட்டுல ரெண்டு வருசத்துல, சரக்கு விசயத்துல கிட்டத்தட்ட எல்லாம் டிக்கு. ஆர்டர் குடுக்குறவங்க விசயத்துல பாதிக்கு மேல. மழை வருமா வராதாங்கிறதுல எல்லாம் பெருக்கல், வடகம் காயப்போடுறதுக்கு இப்ப போன்லதான் பாக்குறேன்.

கடைசிப் பக்கத்துல போன செவ்வாக்கெழம எழுதுனது இருக்கு. "வைகாசிக் கல்யாணம், தேவகோட்டைப் பக்கம், 3000 சீப்புச்சீடை, 500 அதிரசம். பாதிப் பணம் அட்வான்ஸ் குடுத்துட்டாக. கணக்கு சரியா வருது. மனசு ஒட்டல. பத்துக்கு 7." வீட்டுக்காரர் காரணம் கேட்டாரு. எம்பதாவது சீட்டுல சொல்றேன்னேன். ஆர்டர எடுத்துருக்கேன், ஆனா மீதிப் பணம் கைக்கு வந்த பெறகுதான் எண்ணெய்ச் சட்டிய ஏத்துறதுன்னு போன்லயே சொல்லியாச்சு, அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்ல, அப்புறம் சரின்னாக.